நீலச் சுடரின் கணக்கு

மும்பை தாராவியின் பத்துக்குப் பத்து அறையிலிருந்து ஒரு குடும்பம் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ பைப் கேஸ் உள்ள கட்டடத்துக்குக் குடிபோகிறது என்று வைத்துக்கொள்வோம். பீரோ, கட்டில், சாமி படங்களோடு பழைய கேஸ் அடுப்பும் போகும். புது வீட்டில் பால் காய்ச்சும் அன்றைக்கே குழப்பம் வந்துவிடும். குமிழை முழுதாகத் திருப்பினாலும் சுடர் விரல்நுனி உயரம்தான் எழும்புகிறது. பால் பொங்குவதாகக் காணோம். அடுப்பு பழசாகிவிட்டது என்பார் ஒருவர். பைப்பில் பிரஷரே இல்லை என்பார் இன்னொருவர். இரண்டுமே தப்பு. கேஸ்காரர் வந்து, "இருங்கக்கா, ஜெட் மாத்தணும்" என்று அடுப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, சின்ன ஸ்பேனரால் ஒரு பித்தளைத் துண்டைக் கழற்றி வேறொன்றை முடுக்குவார். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும் அது. பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு சுடர் சீறிக்கொண்டு எழும்.

அந்தப் பித்தளைத் துண்டின் நடுவில் ஒரு துளை உண்டு. கேஸ் அடுப்பில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை அந்தத் துளையிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். மொட்டைமாடியில் வைத்து கபாப் சுடும் கேஸ் பார்பிக்யூவுக்கும் இதே கதைதான். இரும்புக் கம்பியும் மூடியும் சேர்ந்திருக்கிறதே தவிர, அடியில் இருப்பது அதே ஜெட், அதே குழாய், அதே பர்னர்.

மும்பை இதற்கு நல்ல பள்ளிக்கூடம். ஒரே நகரத்தில் இரண்டு வெவ்வேறு வாயுக்கள் பக்கத்துப் பக்கத்தில் எரிகின்றன. சிலிண்டரில் வருவது எல்பிஜி: புரொப்பேனும் பியூட்டேனும் கலந்து, அழுத்தத்தில் திரவமாக்கி அடைத்தது. பைப்பில் வருவது இயற்கை எரிவாயு. அதில் பெரும்பகுதி மீத்தேன். சிலிண்டரின் வரலாறும் செம்பூருக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. 1950களின் நடுவில் மாஹுல் கடலோரத்தில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. அவற்றில் ஒன்றை நடத்திய பர்மா ஷெல் நிறுவனம் 'பர்ஷேன்' என்ற பெயரில் பம்பாய் வீடுகளுக்கு சிலிண்டர் கொடுக்கத் தொடங்கியது. அந்த நிறுவனம் 1976இல் அரசுடைமையாகி, பின்னர் பாரத் பெட்ரோலியம் ஆயிற்று. பைப் கேஸ் ரொம்பப் பிந்தியது. அரபிக்கடலில் பம்பாய் ஹை எண்ணெய் வயல் 1974இல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து எரிவாயு உரணில் கரையேறியது. 1995இல் தொடங்கப்பட்ட மகாநகர் கேஸ் நிறுவனம் அதை வீட்டுச் சமையலறைக்குக் குழாய் போட்டுக் கொண்டுவந்தது. ஆனால் குழாய்வழி வாயுவே மும்பைக்குப் புதிது என்று நினைத்துவிடக் கூடாது. நிலக்கரி வாயுவில் எரியும் தெருவிளக்குகள் 1865லேயே இங்கே ஏற்றப்பட்டுவிட்டன.

இனி துளைக்கு வருவோம். வீட்டு எல்பிஜி அடுப்பின் ஜெட்டில் துளையின் விட்டம் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர். பெரிய பர்னருக்குக் கொஞ்சம் கூட, சின்னதற்குக் கொஞ்சம் குறைய. சிலிண்டருக்குள் இருக்கும் பேரழுத்தத்தை ரெகுலேட்டர் 30 மில்லிபாராக இறக்கிவிடுகிறது. ஓர் அடி உயரத் தண்ணீர் அடியில் தரும் அழுத்தம், அவ்வளவுதான். அந்தச் சிறு அழுத்தத்திலும் வாயு ஜெட்டைவிட்டு நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. மணிக்கு 180 கிலோமீட்டர். எந்த லோக்கல் ரயிலும் அதைப் பிடிக்க முடியாது.

இந்த வேகம் எதற்கு? காற்றை இழுப்பதற்கு. ஜெட்டுக்கு எதிரே பர்னரின் குழாய் வாய் திறந்து நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு இடைவெளி. அதைப் பார்த்துவிட்டு, "இங்கே ஏதோ மாட்ட மறந்துட்டாங்க போல" என்று டேப் சுற்றி அடைத்தவர்களும் உண்டு. அந்த இடைவெளிதான் அடுப்பின் மூக்கு. பாய்ந்து வரும் வாயு சுற்றியுள்ள காற்றைத் தன்னோடு அள்ளிக்கொண்டு குழாய்க்குள் போகிறது. குழாயில் இரண்டும் கலந்து, பர்னர் தொப்பியின் துளைகள் வழியாக வெளிவந்து எரிகின்றன. எரியத் தேவையான காற்றில் ஏறக்குறைய பாதி இப்படி முன்கூட்டியே கலந்துவிடுகிறது. மீதியைச் சுடர் வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 1855இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புன்சன் தன் ஆய்வகத்துக்காக வடிவமைத்த பர்னர் இதே முறையில் வேலை செய்தது. அதைச் செய்து கொடுத்தவர் பீட்டர் டெசாகா என்னும் கருவி வினைஞர். பள்ளி ஆய்வகத்தில் நாம் பார்த்த புன்சன் பர்னரை மடக்கிப் படுக்கவைத்தால் நம் வீட்டு அடுப்பு.

ஒரு கன அடி மீத்தேன் முழுதாக எரிய சுமார் பத்து கன அடி காற்று வேண்டும். புரொப்பேனுக்கு 24. பியூட்டேனுக்கு 31. அதற்கேற்றாற்போல் வெப்பமும் கூடுதல்: ஒரே கொள்ளளவு எல்பிஜி, மீத்தேனைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பம் தருகிறது. ஆனால் மீத்தேன் லேசானது. ஒரே துளையில் அது வேகமாக ஓடும். இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்கிட இத்தாலியப் பொறியாளர் கொஃப்ரேதோ வோபே ஒரு வழி சொன்னார்: வாயுவின் வெப்ப மதிப்பை அதன் ஒப்படர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். வரும் எண், அந்த வாயு ஒரே ஜெட் வழியே எவ்வளவு வெப்பம் கொண்டுவரும் என்பதைச் சொல்லிவிடும். மீத்தேனுக்கு அது சுமார் 50. எல்பிஜிக்கு 80ஐ ஒட்டி. போதாததற்கு வீட்டுப் பைப்பில் அழுத்தமும் 21 மில்லிபார்தான். எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால், அதே சூடு வர பைப் கேஸுக்கு ஜெட்டின் துளைப் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக வேண்டும். பால் பொங்காததற்குக் காரணம் இதுதான்.

இதன் எதிர்த்திசைதான் ஆபத்து. பைப் கேஸுக்கு என்று பெரிய துளை போட்ட அடுப்பை யாராவது ஊருக்கு எடுத்துப்போய் சிலிண்டரில் மாட்டினால், தேவைக்கு இரண்டு மடங்கு வாயு பாயும். அதற்குரிய காற்றைக் குழாய் இழுக்க முடியாது. சுடர் நீண்டு, மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியை நக்கும். கரி படியும். கரி கண்ணுக்குத் தெரிகிறது, பரவாயில்லை. கூடவே கிளம்பும் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அடுப்பைச் சொந்த ஊரான திருநெல்வேலிக்கு அனுப்புகிறவர்கள் ஜெட்டை மாற்றி அனுப்ப வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு மஞ்சள் உண்டு. காற்றுக் குறைவால் வருவது மென்மையான, அசைந்தாடும் மஞ்சள். எரியாத கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதால் வரும் நிறம் அது. மெழுகுவத்தி தரும் அதே வெளிச்சம். காற்று சரியாக இருந்தால் துகள் உருவாகவே நேரமில்லை. கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு துண்டுகள் உடைந்து எரியும்போது நீலமும் பச்சை கலந்த நீலமும் மட்டும் வெளிவரும். இன்னொரு மஞ்சள் சோடியத்தால் வருவது. சாம்பார் பொங்கி வழிந்த மறுநாள் காலை கவனித்துப் பாருங்கள்: நீலச் சுடருக்குள் ஆரஞ்சுப் பொறிகள் தெறிக்கும். பர்னரில் ஒட்டிக் காய்ந்த உப்பு அது. சோடியம் 589 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும். இப்படி ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று ஒரு நிறத்தைச் சுடருக்குக் கொடுக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டுதான், புன்சனும் இயற்பியலாளர் கிர்க்காஃபும் அதே பர்னரை வைத்து 1860இல் சீசியம் என்ற புதுத் தனிமத்தையே கண்டுபிடித்தார்கள். பாத்திரத்தின் அடி கறுக்காமல் சுடரில் மட்டும் ஆரஞ்சு தெரிந்தால், தொப்பியைக் கழற்றிக் கழுவிக் காயவைத்தால் போதும். அடி கறுத்தால் காற்றின் கோளாறு. குழாயின் வாயை, ஜெட்டைப் பார்க்க வேண்டும்.

குழாயின் வாய் ஏன் அடைபடுகிறது? எண்ணெய்ப் பிசுக்கு, தூசி, பிறகு பூச்சிகள். சமையலறைக் கரப்பான்களுக்கு இருட்டும் குறுகலுமான இடம் என்றால் போதும். பர்னர் குழாய் அவற்றுக்காகவே வார்த்த மாதிரி. மாதக்கணக்கில் மூடி வைத்த பார்பிக்யூவில் சிலந்தி வலை பின்னியிருக்கும். இது விளையாட்டில்லை. 2011இல் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்துச் சரிபார்த்தது. பெட்ரோல் டாங்கின் காற்றுக்குழாயில் ஒருவகை மஞ்சள் சிலந்தி வலை கட்டியதே காரணம். பார்பிக்யூ வாங்கினால் குழாயின் வாயில் நெருக்கமான கம்பிவலை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாயின் கீழ் கிடந்த பார்பிக்யூவை தீபாவளிக்கு வெளியே எடுக்கும்போது, பற்றவைப்பதற்கு முன் குழாய்க்குள் நீளமான பாட்டில் பிரஷ்ஷை விட்டு இழுத்துவிடுவது நல்லது.

ஜெட்டைச் சுத்தம் செய்வதில்தான் பலரும் அடுப்பைக் கெடுக்கிறார்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ் காலத்திலிருந்து கையில் ஊசி இருக்கிறது. அடைப்பு என்றால் குத்தித் திருகுவோம். பித்தளை மென்மையானது. 0.7 மில்லிமீட்டர் துளை 0.8 ஆனால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பரப்போ 30 விழுக்காடு கூடிவிடும். கேஸும் அதே அளவு கூடுதலாகச் செலவாகும், சுடரும் மஞ்சளாகும். ஜெட்டைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வாயால் ஊதி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வட்டம் ஒழுங்காகத் தெரிந்தால் சரி. தெரியவில்லை என்றால் புதிது வாங்குங்கள், விலை அற்பம்.

சில நேரம் சுடர் பர்னரைவிட்டு எழும்பி, ஊதியது போல ஆடி, அணைந்துவிடும். கலவை வெளியேறும் வேகம் சுடர் பின்னோக்கிப் பரவும் வேகத்தைவிட அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். மீத்தேன், புரொப்பேன் இரண்டுக்குமே இந்தப் பரவும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர்தான். ஹோட்டல் அடுப்புக்கான ஹை பிரஷர் ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் மாட்டினால் இதுதான் நடக்கும். நடக்கக் கூடாதது இதைவிட நிறைய நடக்கும் என்பதால், செய்யாதீர்கள். இதற்கு நேரெதிர்க் கோளாறு: சிம்மில் வைத்ததும் 'படக்' என்று ஒரு சத்தம், சுடர் காணாமல் போய், அடியில் எங்கோ உறுமுகிறது. தொப்பி சரியாக உட்காராமல் ஒருபக்கம் இடைவெளி விட்டிருக்கும். அந்த வழியே சுடர் குழாய்க்குள் இறங்கி ஜெட்டின் வாயிலேயே எரிகிறது. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடுக்கில் சுடர் நுழைய முடியாது, உலோகம் அதன் சூட்டை உறிஞ்சி அணைத்துவிடும். 1815இல் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளருக்கான விளக்கைக் கம்பிவலையால் மூடியதன் ரகசியமும் அதுவே. தொப்பித் துளைகள் சின்னதாக இருப்பதன் காரணமும் இதுவே. சத்தம் கேட்டால் குமிழை மூடி, ஆறவிட்டு, தொப்பியை அதன் பள்ளத்தில் சரியாகப் பொருத்த வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வாங்கிக் கொண்டுவந்த பார்பிக்யூவில் வேறொரு சிக்கல் வரும். அமெரிக்கப் பார்பிக்யூ புரொப்பேனுக்கு, சுமார் 28 மில்லிபார் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது. நம் 30 மில்லிபாருக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனால் அதன் குழாய் முனை நம் சிலிண்டர் வால்வில் பொருந்தாது. அங்கே மரையில் திருகுவது, இங்கே அமுக்கிப் பூட்டுவது. ஏதாவது அடாப்டர் கிடைக்குமா என்று கடை கடையாக அலைவதைவிட, குழாயையும் ரெகுலேட்டரையும் முழுதாக நம் ஊர்ப் பொருளுக்கு மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். பியூட்டேனும் கலந்த வாயுவுக்குக் காற்று அதிகம் வேண்டும் என்பதால் சுடரின் நுனி லேசாக மஞ்சளாகும். குழாய் வாயில் காற்றுத் தகடு இருந்தால் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். அமெரிக்க ரெகுலேட்டரோடு அந்த ஊரிலேயே பயன்படுத்துகிறவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: திடீரென்று எல்லா பர்னரும் மங்கிவிடும். குழாய் அறுந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, வாயு ஓட்டத்தைத் தானாகக் குறைக்கும் பாதுகாப்பு அமைப்பு அதில் இருக்கிறது. குமிழ்களைத் திறந்து வைத்துவிட்டு சிலிண்டரை வேகமாகத் திறந்தால் அது ஏமாந்துபோகும். எல்லாவற்றையும் மூடி, சில நிமிடம் பொறுத்து, முதலில் சிலிண்டரை மெதுவாகத் திறந்து, பிறகு ஒவ்வொரு குமிழாகத் திறந்தால் சரியாகிவிடும்.

சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மும்பையின் மழைக்காலக் காற்றே உதவும். தாராவியில் விடிவதற்கு முன்பே இட்லி அவிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு சைக்கிளில் தெருத்தெருவாக இட்லி விற்பவர்களின் நாள் அங்கே, பெரிய அடுப்புகளின் முன் தொடங்குகிறது. பெரிய அடுப்பு வாயுவை வேகமாக உறிஞ்சும்போது, சிலிண்டருக்குள் திரவம் வேகமாக ஆவியாகிறது. ஆவியாகத் தேவையான வெப்பத்தைச் சிலிண்டரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இரும்பு குளிர்கிறது. ஜூலை மாத ஈரக்காற்றில் சில டிகிரி குளிர்ந்தாலே போதும், சிலிண்டரின் வெளியே வியர்த்துவிடும். அந்த வியர்வை, உள்ளே திரவம் இருக்கும் மட்டம் வரைதான் பூக்கும். விரலால் தடவிப் பார்த்தால் கோடு தெரியும். வியர்ப்பதைப் பார்த்துப் பயந்து, "கேஸ் தீர்ந்துபோச்சு, கொஞ்சம் சாய்ச்சு வை" என்று சிலிண்டரைப் படுக்கப்போடுகிறார்களே, அதை மட்டும் செய்யக் கூடாது. வால்வுக்குத் திரவம் வந்து சேரும். ஒரு பங்கு திரவம் ஆவியானால் சுமார் 250 பங்கு வாயு.

கசிவு என்று வந்தால், எந்த வாயு என்பதுதான் முதல் கேள்வி. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது, தரையில் தேங்கும். மீத்தேன் காற்றில் பாதிக்குச் சற்று மேல், கூரைக்கு ஏறும். தாராவியில் பலர் அடுப்பு இருக்கும் அறையிலேயே தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். இரவில் சிலிண்டர் கசிந்தால் வாயு வந்து சேரும் இடம் அவர்கள் மூக்கு இருக்கும் உயரம். காற்றில் எல்பிஜி 2 விழுக்காட்டை எட்டினாலே தீப்பொறிக்குப் பற்றிக்கொள்ளும். மீத்தேனுக்கு 5 வேண்டும். அதனால் சிலிண்டர் உள்ள அறையில் கதவின் அடியில் இருக்கும் இடைவெளிக்குத் துணி திணிக்கக் கூடாது. பைப் கேஸ் உள்ள சமையலறையில் மேலே இருக்கும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இயல்பில் வாசனை கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளிக்கூடம் வாசனையற்ற எரிவாயுவால் வெடித்து, ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். அழுகிய முட்டைக்கோஸ் போல நாறும் மெர்கேப்டனைக் கலப்பதை அமெரிக்காவில் சட்டங்கள் கட்டாயமாக்கியது அதன் பிறகுதான். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடு, ஜன்னலைத் திற, சுவிட்சைத் தொடாதே. வெளியே வந்து, சிலிண்டர் என்றால் 1906க்கு போன் செய்.

சந்தேகம் மட்டும் இருந்தால் சோப்பு நுரை போதும். குழாய் மூட்டுகளில், ரெகுலேட்டரின் கழுத்தில், குமிழின் அடியில் தடவுங்கள். குமிழி பெருத்தால் கசிவு. சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டியதும் 'உஸ்' என்றால், வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும் அல்லது இல்லவே இருக்காது. டெலிவரி செய்பவர் போவதற்கு முன்பே அவர் கண்ணெதிரில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும். சிலிண்டரின் கைப்பிடித் தகட்டில் அடுத்த சோதனைக்கான காலம் எழுதியிருக்கும்: ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி, டி என்று வரிசையாக, பக்கத்தில் வருடம். ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாய்க்கு ஆயுள் 5 ஆண்டு. தயாரித்த தேதி குழாயின் மேலேயே அச்சடித்திருக்கும். பைப் கேஸ் உள்ள வீட்டிலும் சுவரில் வந்து நிற்கும் இரும்புக் குழாய்க்கும் அடுப்புக்கும் நடுவே கடைசி ஒரு மீட்டர் ரப்பர்தான். எலி கடிப்பதும் அதைத்தான், சூட்டில் வெடிப்பதும் அதுதான். அடுப்புக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் அது ஓடுவதால், தேதியைப் படிக்க அடுப்பை முன்னே இழுத்து, டார்ச் அடித்துக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.